விமர்சகர்கள் தள்ளினார்கள், ஜனங்கள் அள்ளினார்கள்!

1959-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் "டைம் அவுட்." வாசித்தவர்கள் டேவ் புருபெக் என்ற பியானோ வித்துவானும் அவருடைய மூன்று கூட்டாளிகளும்.

ஜாஸ் சங்கீதத்துக்கென்றே நடக்கும் பிரபலமான அமெரிக்கப் பத்திரிகை "டவுன் பீட்." 1960-ல் அது இந்தத் தட்டுக்கு மார்க் போட்டது. ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டே நட்சத்திரம்! பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு நாற்பது.

ஜனங்கள் அந்த மார்க்கைச் சட்டை செய்யவில்லை. கடைக்குப் போய் வாங்கினார்கள். 1961-ல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் தட்டுகளின் ஜாபிதாவில் அது 2-வது இடத்துக்கு வந்தது. ஜாஸ் தட்டுகளிலேயே முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்றும் அந்தத் தட்டு விற்கிறது. விமர்சகர்களுக்குக் காது கேட்கவில்லையா? அல்லது ஜனங்களுக்குத்தான் ரசனை இல்லையா?

இரண்டும் இல்லை. அது வேறு கதை.

பண்ணைப் பிள்ளை

டேவ் புருபெக் 1920-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி கலிபோர்னியாவில் பிறந்தவர். தாயார் பியானோ ஆசிரியை. தகப்பனார் மாட்டுப் பண்ணைக்காரர்.

சிறு வயதில் குதிரைமேல் நெடுந்தூரம் தனியே போவார். குளம்பு ஒரு தாளம் போடும். பையன் மனத்துக்குள் அதற்கு எதிராக வேறொரு தாளம் போட்டுக்கொண்டு வருவான். தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் சத்தமும் அவனுக்கு ஒரு தாளமே. பின்னாளில் அவரே சொன்ன விஷயம் இது.

கால்நடை வைத்தியம் படிக்கத்தான் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து சங்கீதத்துக்கு மாறினார். சங்கீதக் குறிப்பைப் பார்த்து வாசிக்க அவருக்குத் தெரியாது என்பது கடைசி வருஷத்தில்தான் வெளிப்பட்டது. "சங்கீத ஆசிரியர் வேலைக்குப் போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த பிறகே பட்டம் கொடுத்தார்கள்!

இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனார். வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே வைத்திருந்த காலம் அது. அவர் நடத்திய வாத்திய கோஷ்டியில் இரு சாராரும் சேர்ந்து வாசித்தார்கள். யுத்தம் முடிந்ததும் டேரியஸ் மியோ என்ற பிரெஞ்சு இசை மேதையிடம் பாடம் கேட்டார். 1951-ல் நால்வர் கோஷ்டி அமைத்தார். கல்லூரி கல்லூரியாகப் போய்க் கச்சேரி செய்தார். மாணவர்கள் திரண்டு வந்தார்கள்.

முன்பே இருந்த புகைச்சல்

இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

1954 நவம்பரில் "டைம்" பத்திரிகை அட்டையில் புருபெக் படத்தைப் போட்டது. அதற்கு முன் அந்த மரியாதை பெற்ற ஜாஸ் வித்துவான் லூயி ஆம்ஸ்ட்ராங் ஒருவரே. ஜாஸை உண்டாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அவர்களில் மகாமேதையான டியூக் எல்லிங்டன் காத்திருக்க, முப்பத்து மூன்று வயது வெள்ளைக்காரருக்கு அட்டைப் படமா என்று பலர் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. புருபெக்கும் அதை மறுக்கவில்லை. பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் ஓட்டல் அறைக் கதவைத் தட்டியவர் எல்லிங்டனேதான். தாம் கூசிப்போனதாகவும், அந்த இடம் எல்லிங்டனுக்கு உரியது என்றும் புருபெக் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விமர்சகர்கள் வேறு குறையும் சொல்லி வந்தார்கள். புருபெக்கின் விரல் கனமானது, கட்டைகளைக் குத்துகிறார், ஜாஸுக்கு உயிரான துள்ளல் நடை போதாது, ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தைக் கலந்து கல்லூரிப் பிரசங்கம் போல வாசிக்கிறார் என்பார்கள். "டைம் அவுட்" வருமுன்பே அதை நிறுக்கும் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்று அர்த்தம்.

துருக்கியும் சென்னையும்

1958-ல் அமெரிக்க சர்க்கார் இந்தக் கோஷ்டியைத் தேசயாத்திரைக்கு அனுப்பியது. ருஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் பனிப்போர் நடந்த காலம். சங்கீதமும் ஒரு தூது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானம், ஈரான், ஈராக் என்று சுற்றினார்கள்.

துருக்கியில் இஸ்தான்புல் வீதியில் சில வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது எண்ணிக்கையுள்ள தாளம். ஆனால் மூன்று மூன்றாகப் பிரியவில்லை. "தக தக தக தகிட" என்று ஓடியது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. புருபெக்குக்கு அது பிடித்துக்கொண்டது.

சென்னைக்கும் அவர்கள் வந்தார்கள். இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்கள். புதுக்கோட்டை வழியில் வந்தவர். இடது கைப் பழக்கமுள்ளவர். தாளக் கணக்கில் புலி. கோஷ்டியின் டிரம் வித்துவான் ஜோ மொரெல்லோவும் அவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஐந்தும் ஏழும் ஒன்பதும் பழனிக்குத் தினசரிச் சாப்பாடு. மேற்கத்திய டிரம்காரருக்கு அது விருந்து.

இதைக் கொண்டு, "டைம் அவுட்" சென்னையில் பிறந்தது என்று பெருமை பேசினால் அது மிகை. ஆனால் கீழை நாடுகளின் தாளங்களைக் காதால் கேட்டுவிட்டுப் போன மறு வருஷம்தான் அந்தத் தட்டு பதிவாயிற்று. அது நிச்சயம்.

கம்பெனியின் பயம்

"டைம் அவுட்" என்ற பெயரே ஒரு சிலேடை. விளையாட்டில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் வார்த்தை அது. "டைம்" என்றால் சங்கீதத்தில் காலப் பிரமாணமும் ஆகும். ஜாஸில் அக்காலத்தில் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான். அதைவிட்டு வெளியே போவது என்று புருபெக் தீர்மானித்தார்.

கொலம்பியா கம்பெனியின் விற்பனைப் பிரிவினர் தலையை ஆட்டினார்கள். ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சொந்தச் சாகித்தியம். ஆட முடியாத தாளம். அட்டையிலோ புரியாத நவீன சித்திரம். எப்படி விற்கும்?

கம்பெனித் தலைவர் காடார்ட் லிபர்சன் மட்டும் புருபெக் பக்கம் நின்றார். ஆனால் கம்பெனி ஓர் ஈடு கேட்டது. ஜனங்கள் அறிந்த பழைய பாட்டுகளை வைத்து முதலில் ஒரு தட்டு கொடுக்க வேண்டும். அப்படியே "கான் வித் தி விண்ட்" என்ற தட்டைக் கொடுத்தார்கள். ஒன்று நஷ்டமானால் மற்றொன்று தாங்கும் என்பது கம்பெனியின் கணக்கு.

1959-ம் ஆண்டு ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நியூயார்க்கில் பதிவு நடந்தது. முன்பு மாதா கோயிலாக இருந்த கட்டிடமே ஸ்டூடியோ. அதே ஸ்டூடியோவில் அதே வருஷம் மைல்ஸ் டேவிஸ் "கைண்ட் ஆப் புளூ" என்ற தட்டைப் பதிவு செய்திருந்தார்.

ஐந்தெண்ணிப் பாட்டு

தட்டில் ஏழு உருப்படிகள். முதலாவது, துருக்கித் தாளத்தில் அமைந்த "புளூ ராண்டோ அலா டர்க்." மூன்று ஆவர்த்தம் "தக தக தக தகிட" என்று ஓடும். நாலாவது ஆவர்த்தம் "தகிட தகிட தகிட" என்று திரும்பும். கேட்பவருக்கு ஒரு கணம் கால் தடுமாறியது போல இருக்கும், உடனே சமாளித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் "டேக் பைவ்." "ஐந்து நிமிஷம் ஓய்வெடு" என்று அமெரிக்கர் பேச்சில் பொருள். தாளமும் ஐந்து! கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்குக் கண்ட சாப்பு தெரியும்: "தக தகிட." இது அதையே புரட்டிப் போட்டது: "தகிட தக." மூன்றும் இரண்டும்.

தமிழ் ரசிகருக்கு ஐந்தெண்ணிக்கையில் அதிசயம் ஏதுமில்லை. அமெரிக்கருக்கோ அது புது உலகம். ஜாஸ் வித்துவான்களுக்கே அப்படித்தான். "டேக் பைவ்" முதல் நாளில் பதிவாகவில்லை. இருபது தடவைக்கு மேல் முயன்றும் யாராவது ஒருவர் எங்கேயாவது தாளம் தப்பினார். இன்னொரு நாள் உட்கார்ந்துதான் முடித்தார்கள். அந்த ஆரம்பப் பதிவுகள் சில, புருபெக்கின் நூற்றாண்டையொட்டி 2020-ல் அவர் குடும்பத்தாரால் வெளியிடப்பட்டன. மேதைகளும் விழுந்து எழுந்த கதையை அதில் இன்று யாரும் கேட்கலாம்.

மற்றொரு விசேஷம். "டேக் பைவ்" மெட்டைப் போட்டவர் புருபெக் அல்ல. சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். மொரெல்லோவின் டிரம் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் கொடுக்கவே அதை அமைத்தார். அந்த உருப்படியில் புருபெக் தனியாக வாசிக்கவே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து மற்ற இருவருக்கும் பாய் விரித்துக் கொடுக்கிறார்.

ஒரு பியானோ வித்துவான் பேர் வாங்கிய தட்டு. அதில் உலகப் பிரசித்தி பெற்ற பாட்டிலோ பியானோ பின்னணியில்! கனமான விரல் என்று குறை சொன்னவர்கள் இந்த அடக்கத்தையும் எடை போட்டிருக்கலாம்.

விமர்சகர்கள் கட்சி

"டவுன் பீட்"டில் இரண்டு நட்சத்திரம் போட்டவர் ஐரா கிட்லர். அவர் சாதாரண ஆள் அல்ல. ஜான் கோல்ட்ரேனின் சாக்சபோன் பாணியைக் கூர்ந்து கேட்டு, அதற்கு 1958-லேயே நிலைத்த பெயர் ஒன்றைச் சூட்டியவர். காதுள்ளவர், ஜாஸை நேசித்தவர்.

அவரைப் போன்றவர்களின் கட்சியையும் கேட்க வேண்டும். தாள வேறுபாடு ஒரு வேடிக்கை; அது மட்டும் சங்கீதம் ஆகாது என்பது அவர்கள் வாதம். அதற்குத் தட்டிலேயே சாட்சி உண்டு. "புளூ ராண்டோ"வில் துருக்கித் தாளம் முகப்பிலும் முடிவிலும்தான். கற்பனை வாசிப்பு வரும் இடத்தில் எல்லோரும் பழைய நாலெண்ணிக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாசலில் புதுக் கோலம், உள்ளே பழைய வீடு என்று ஒருவர் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்.

இந்த வழக்கு தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. சபாக்களில் பல்லவிக் கணக்கும் கோர்வையும் பொடிபட்டால் ஒரு பகுதியினர் கைதட்டுவார்கள். "கணக்கு சரி, சங்கீதம் எங்கே?" என்று இன்னொரு பகுதியினர் கேட்பார்கள். இரண்டு பக்கமும் பொய் இல்லை.

காலமும் பார்க்க வேண்டும். 1959-ம் வருஷம் ஜாஸுக்கு விளைச்சல் வருஷம். மைல்ஸ் டேவிஸ் ஸ்வரங்களின் நடமாட்டத்துக்குப் புது வழி காட்டினார். சார்லஸ் மிங்கஸ் ஓர் அருமையான தட்டுக் கொடுத்தார். ஆர்னெட் கோல்மன் கட்டுப்பாடுகளையே அவிழ்த்துவிட்டு நியூயார்க் ரசிகர்களை இரண்டு கட்சி ஆக்கினார். இந்தப் புரட்சிகளுக்கு நடுவே, கல்லூரிப் பிள்ளைகள் கொண்டாடும் ஒருவர் ஐந்து எண்ணுவது விமர்சகர்களுக்குச் சிறுபிள்ளை வேலையாகப் பட்டிருக்கலாம்.

எண்ணியவர் யார்? கேட்டவர் யார்?

ஆனால் ஓரிடத்தில் விமர்சகர்கள் சறுக்கினார்கள்.

இந்தத் தட்டைத் தாளப் பரிசோதனை என்று கம்பெனியும் விளம்பரப்படுத்தியது. புருபெக்கும் அப்படியே சொன்னார். விமர்சகர்கள் அதை நம்பி எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எண்ணுகிறவனுக்கு எண்ணிக்கைதான் காதில் விழும்.

ஜனங்கள் எண்ணவில்லை. ரேடியோவிலும், ஓட்டல்களில் காசு போட்டுக் கேட்கும் பெட்டியிலும் "டேக் பைவ்" வந்தது. 1961-ல் அமெரிக்கப் பாட்டு ஜாபிதாவில் 25-வது இடம் பிடித்தது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது ஐந்தெண்ணிக்கை என்று தெரிந்திருக்கும்? தெரியாமலே முணுமுணுத்தார்கள். டெஸ்மண்டின் சாக்சபோன் மெட்டு அவ்வளவு இயல்பாக அந்தத் தாளத்தில் உட்கார்ந்திருந்தது.

கஷ்டமான கணக்கைக் கஷ்டம் தெரியாமல் கொடுப்பது பெரிய வித்தை. கணக்கு வெளியே துருத்தினால் அது குற்றம். மறைந்து நின்றால் அது கலை. "புளூ ராண்டோ"வில் கணக்கு கொஞ்சம் துருத்துகிறது என்பது உண்மை. "டேக் பைவ்"வில் மறைந்து நிற்கிறது என்பதும் உண்மை. ஒரே மார்க்கில் இரண்டையும் அடக்கியதுதான் தவறு.

தெற்கே நடந்தது

நட்சத்திரம் போட்டவர்கள் காணாத பரீட்சை ஒன்று இதே நாட்களில் நடந்தது.

1960-ம் ஆண்டு அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் 25 கச்சேரிகளுக்கு ஏற்பாடாகியிருந்தது. புருபெக்கின் கோஷ்டியில் பாஸ் வாத்தியம் வாசித்தவர் யூஜின் ரைட் என்ற கறுப்பர். அவரை மேடையில் ஏற்ற முடியாது. வெள்ளைக்காரரைப் போடுங்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சொன்னார்கள்.

புருபெக் மறுத்தார். கச்சேரிகள் ரத்தாயின. பெரும் பணம் போயிற்று. ரைட் இருந்த இடத்திலேயே இருந்தார்.

வெள்ளைக்காரர் என்பதால் வந்த புகழ் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை ஒரு தேசத்தின் அநீதியைப் பற்றியது, உண்மையானது. ஆனால் அந்த அநீதி நேரில் வந்து கதவைத் தட்டியபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

காலம் போட்ட மார்க்

2005-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசம் என்றும் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் "டைம் அவுட்"டைச் சேர்த்தது. 2009-ல் புருபெக்குக்குக் கென்னடி மண்டபத்தின் உயர்ந்த கௌரவம் கிடைத்தது. அன்று அவருக்கு 89-வது பிறந்த நாள். 2012 டிசம்பர் 5-ந் தேதி, 92 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, காலமானார்.

டெஸ்மண்ட் 1977-லேயே போய்விட்டார். "டேக் பைவ்" மூலம் வரும் பணத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். ஐந்தெண்ணிப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அதில் ஒரு பங்கு துன்பப்படுகிறவர்களுக்குப் போகிறது.

2011-ல் பாகிஸ்தானில் லாகூர் வாத்தியக்காரர்கள் சிதாரும் தபலாவும் சேர்த்து "டேக் பைவ்" வாசித்தார்கள். சினிமா வேலை போய்ச் சும்மா இருந்த பழைய வித்துவான்கள் பலர் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. கீழ்த்திசைத் தாளத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்களின் பாட்டு, கீழ்த்திசைக்கே திரும்பி வந்து சிலருக்குச் சோறு போட்டது!

இன்றைக்கு என்ன பாடம்?

இன்று ஒரு படமோ பாட்டோ வெளிவந்த அன்றைக்கே நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டி, "இதுவே தீர்ப்பு" என்கிறார்கள். நட்சத்திரமும் எண்தான், பார்த்தவர் தொகையும் எண்தான்.

"டைம் அவுட்" கதை இரண்டையும் நம்பச் சொல்லவில்லை. விமர்சகர் தவறினார் என்பதால் விமர்சனம் வேண்டாம் என்று ஆகாது. "கைண்ட் ஆப் புளூ"வை விமர்சகர்களும் மெச்சினார்கள், ஜனங்களும் வாங்கினார்கள். விமர்சகர்கள் மெச்சியும் விற்காத நல்ல தட்டுகள் உண்டு. லட்சக்கணக்கில் விற்று, மறு வருஷம் குப்பைக்குப் போன தட்டுகளும் உண்டு. பத்து லட்சம் பேர் வாங்கினார்கள் என்பது நல்ல சங்கீதத்துக்கு அத்தாட்சி ஆகாது. அறுபது வருஷத்துக்குப் பிறகும் கேட்கிறார்கள் என்பதுதான் அத்தாட்சி.

அந்த அத்தாட்சிக்குக் காலம் வேண்டும். விமர்சகருக்கோ மறு இதழுக்குள் எழுதியாக வேண்டிய அவசரம். ஆகவே எழுதுகிறவர் ஒன்று செய்யலாம். வாசிப்பவரைப் பற்றி முன்பே கொண்ட அபிப்பிராயத்தை வாசற்படியில் விட்டுவிட்டு, ஏழு உருப்படிகளையும் ஏழு தனிப் பொருளாகக் கேட்கலாம். படிக்கிறவரும் ஒன்று செய்யலாம். மார்க்கைப் பார்க்குமுன் பாட்டைக் கேட்கலாம்.

"தகிட தக" என்று கால் தானாகத் தட்டினால், மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.